இறங்கும் இடத்துக் கையெழுத்து

பதினான்கு அமைப்புகளில் அவளுக்குப் பெயர் பச்சை மை. நேரில் இல்லை, நேரில் மேடம்தான். அவள் ஆட்டோவிலிருந்து இறங்குவதை மாடி ஜன்னலில் யாராவது பார்த்துவிட்டால் போதும், "பச்சை மை வருது" என்று உள்ளே சேதி பறக்கும். நாற்காலிகள் இழுபடும், பீரோ திறக்கும், யாரோ அவசரமாக எதையோ கிழிப்பார்கள். கிழிபடுவது பெரும்பாலும் போன வருஷத்து அழைப்பிதழ் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு தப்பும் செய்யாதவர்களுக்கும் அவளைக் கண்டால் எதையாவது கிழிக்கத் தோன்றும்.

பார்த்தால் பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஐம்பத்து மூன்று வயது, முழங்கால் வலி, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் தண்ணீர் பாட்டில், முதுகுக்குச் சின்னத் தலையணை, இரண்டு பச்சைப் பேனா. போகிற இடத்தில் ஒரு வாய் டீ கூடக் குடிக்க மாட்டாள். அது விதி. விதியில் டீ என்று எழுதியிருக்கவில்லை, "எவ்வித உபசரிப்பும்" என்றுதான் இருந்தது. டீயையும் அதில் சேர்த்துக்கொண்டது அவள்.

அவளுடைய வேலையைச் சொல்வது எளிது, செய்வதுதான் சங்கடம். மானியப் பணம் மேலிடத்தில் புறப்பட்டு, நகராட்சி வழியாக, ஏதாவது ஒரு சங்கத்தின் கையில் போய்ச் சேரும். நகராட்சி அதில் ஒரு காசு எடுப்பதும் இல்லை, போடுவதும் இல்லை. வழியில் நிற்பதோடு சரி. ஆனால் போன பணம் சொன்ன வேலைக்குத்தான் செலவானதா என்று பார்க்கும் பொறுப்பு மட்டும் வழியில் நிற்பவர் தலையில். அந்தத் தலை, நகராட்சிக் கட்டிடத்தின் இரண்டாம் மாடியில், கழிவறைக்கு அடுத்த அறையில், அவளுடையது.

இருபத்திரண்டு வயதில் தண்ணீர் வரிப் பிரிவில் தட்டச்சராகச் சேர்ந்தவள். நாற்பது வயதுக்கு மேல் துறைத் தேர்வு எழுதினாள். பேருந்து டிப்போ மெக்கானிக்கான கணவர், சமையல் மேடையில் விதிப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் அடுப்பைப் பார்த்தபடி கேள்வி கேட்பார். அந்தப் புத்தகத்தின் ஆறாம் அத்தியாயத்தில் இன்றைக்கும் எண்ணெய்க் கறை இருக்கிறது. தேறினாள், கண்காணிப்பு அலுவலர் ஆனாள், பதினோரு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காகிதம் பார்த்தாள்.

அந்தப் பதினோரு வருஷத்தில் அவள் தெரிந்துகொண்ட ஒன்று உண்டு, அதை எந்த அறிக்கையிலும் எழுத முடியாது. கணினிப் பயிற்சி மையம் ஒன்று இருந்தது. காகிதமெல்லாம் கண்ணாடி மாதிரி. வருகைப் பதிவு, ரசீது, புகைப்படம், எதிலும் ஒரு புள்ளி கூட இடம் மாறியிருக்காது. ஆனால் அங்கிருந்த விசைப்பலகைகள் வாங்கிய அன்று சுற்றி வந்த பிளாஸ்டிக்கை விட்டு வெளியே வரவில்லை. பிளாஸ்டிக்கைப் பற்றிப் படிவத்தில் கேள்வி இல்லை. "குறை ஏதும் இல்லை" என்று பச்சை மையில் எழுதிவிட்டுப் படியிறங்கினாள்.

இன்னொரு பக்கம் வேன் சங்கம். அதற்குப் பெரிய பெயர் ஒன்று பதிவேட்டில் இருக்கிறது, ஊரில் யாருக்கும் தெரியாது. சிறுநீரகம் பழுதானவர்களை வாரத்துக்கு மூன்று நாள் வீட்டு வாசலில் ஏற்றி, ரத்தம் சுத்திகரிக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், முடிந்ததும் அதே வாசலில் இறக்கிவிடும். ஒரு வேன், ஒரு டிரைவர், ஏற்றி இறக்க ஓர் அக்கா, எல்லாவற்றுக்கும் மேலே ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர். நர்ஸைப் பெரிய சிஸ்டர் என்பார்கள். ஏற்றி இறக்குகிற அக்காவுக்குக் கைத்தாங்கல் என்று பெயர். பத்தொன்பது நோயாளிகள், இரண்டு குழுவாக. அலுவலகம், ஒரு கட்டிடத்தின் மாடிப்படிக்கு அடியில். எக்ஸ்ரே படம் பார்க்கிற பழைய வெளிச்சப் பெட்டிதான் அறிவிப்புப் பலகை. நாற்காலி இரண்டு, மூன்றாவது ஆள் வந்தால் சக்கர நாற்காலி.

பச்சை மைக்கு அந்த இடம் பிடிக்கும். பிடித்ததை வெளியில் காட்டிக்கொள்ள மாட்டாள். பிடித்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாகவே துருவுவாள், மனசுக்குப் பயந்து.

அந்த முறை மேலிடத்திலிருந்து புதுச் சுற்றறிக்கை வந்திருந்தது. பயணத் தாள்களை ஆஸ்பத்திரிப் பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும், பத்துக்கு ஒன்று வீதம். ஆளுக்கு ஒரு பயணத் தாள், அதில் நாளொன்றுக்கு இரண்டு கட்டம். ஏறும்போது ஒரு கையெழுத்து, இறங்கும்போது ஒரு கையெழுத்து. பச்சை மை சக்கர நாற்காலியில் தலையணையை வைத்து உட்கார்ந்து, ஒன்று இரண்டு என்று எண்ணிப் பத்தாவதை உருவினாள். லிஃப்டுக்காரர் தாள் வந்தது.

லிஃப்டுக்காரர் ஏதோ பெரிய ஓட்டலில் முப்பது வருஷம் லிஃப்ட் இயக்கியவர். வேனில் ஏறும்போதெல்லாம் "எந்த மாடிக்குப் போகணும்?" என்று மற்றவர்களைக் கேட்பார். கையெழுத்தில் கடைசி எழுத்தின் வாலை நீட்டி, வளைத்து, கீழே இரண்டு புள்ளி வைப்பார்.

பச்சை மை தாளைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிப் பட்டியலைப் பார்த்தாள். மறுபடியும் தாளைப் பார்த்தாள்.

"சிஸ்டர், போன மாசம் பதினெட்டாம் தேதி லிஃப்டுக்காரர் எத்தனை மணிக்கு வீட்டுல இறங்கினாரு?"

"எங்கம்மா இறங்கினாரு? அன்னிக்குத்தானே அவர் போயிட்டாரு" என்றார் பெரிய சிஸ்டர். "மூணு மணி நேரம் நல்லாத்தான் இருந்தாரு. பக்கத்துக் கட்டில்காரரக் கேலி பண்ணிக்கிட்டு இருந்தாரு. அப்படியே தலை சாஞ்சிடுச்சு."

"பத்து இருபதுக்கு. பட்டியல்ல இருக்கு."

"ஆமா."

"இறங்கினதா கையெழுத்துப் போட்டிருக்காரு சிஸ்டர்."

வாலும் வளைவும் இரண்டு புள்ளியும் அச்சு அசலாக இருந்தன. பெரிய சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். பதில் சொன்னது வாசலில் நோயாளிகளின் காலுறை மடித்துக்கொண்டிருந்த கைத்தாங்கல்.

"நான்தான் மேடம் வாங்குவேன். காலையில ஏத்தும்போதே ரெண்டு கட்டத்துலயும் வாங்கிடுவேன். ஊசிய எடுத்துட்டு வரும்போது அவங்களுக்குக் கை எங்க மேடம் நிக்கும்? பாதிப் பேரு தூங்கிடுவாங்க. எழுப்பி, கண்ணாடியத் தேடி, பேனாவக் குடுத்து. ஒருத்தர் வாந்தி எடுத்துக்கிட்டே கையெழுத்துப் போட்டாரு. அன்னிக்கே முடிவு பண்ணேன், இனிமே தெம்பா இருக்கும்போதே வாங்கிடறதுன்னு."

"எப்பலேருந்து இப்படி?"

"மூணு வருஷமா. நீங்கதான் மேடம் நாப்பத்தொரு இடத்துல இறங்குற கையெழுத்து இல்லன்னு எழுதினீங்க. அதுலேருந்து."

குத்திக் காட்டிச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். பச்சை மைக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நாற்பத்தொன்றையும் வட்டம் போட்டது அவள்தான். அடுத்த காலாண்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லாததைப் பார்த்து, "இப்படி இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனதும் அவள்தான். எப்படி நிரம்பியது என்று கேட்கவில்லை.

"அந்தக் கட்டத்த அடிச்சிருக்கணும்" என்றார் பெரிய சிஸ்டர். "மகன் வெளியூர்லேருந்து வர்ற வரைக்கும் இவளும் டிரைவரும் பிணவறை வாசல்லயே இருந்துட்டாங்க. வேனும் அங்கதான் நின்னுச்சு. மத்த ஒன்பது பேரையும் நான்தான் ஆட்டோ பிடிச்சு..."

பச்சை மை கையை உயர்த்தினாள். "சிஸ்டர், நான் கேக்காததச் சொல்லாதீங்க."

சொல்லியாயிற்று. அந்த ஒன்பது பேரும் வேனிலிருந்து இறங்கியதாகத்தான் தாள்களில் கையெழுத்து இருந்தது. ஒன்று பத்தாகிவிட்டது. உண்மை பேசுகிறவர்களைக் காப்பாற்றுவதைப் போலக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை.

படிவத்தில் குறைகளுக்கு மூன்று கட்டம் உண்டு. எழுத்துப் பிழை, நடைமுறைக் குறை, பொய்ப் பதிவு. முதல் இரண்டுக்கும் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கும். மூன்றாவதில் குறி விழுந்தால், அன்றைக்கே பணம் நிற்கும், மேலிடம் விசாரித்து முடிக்கும் வரை வராது. எது பொய்ப் பதிவு என்பதற்கு விளக்கமும் இருந்தது: நடக்காத சேவைக்குப் பயனாளியின் கையெழுத்து இருந்தால். ஏன் இருந்தது, யார் இரக்கப்பட்டு வாங்கினார்கள் என்பதற்கெல்லாம் அந்த விளக்கத்தில் இடம் இல்லை.

பிரிவுத் தலைவரிடம் போனாள். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. முழுவதையும் கேட்டார், உச்சுக்கொட்டினார், பேனாவை மூடித் திறந்தார்.

"மேடம், நம்ம கையில என்ன இருக்கு? நாம தபால்காரங்க மாதிரி. லெட்டர்ல என்ன எழுதியிருந்தாலும் குடுத்துட்டு வரவேண்டியதுதான்."

"லெட்டரே நான்தான் சார் எழுதறேன்."

"அதான் சொல்றேன், நீங்க எழுதினா நான் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்."

மேலிடத்துக்குப் போன் செய்தாள். இளம் குரல், மரியாதையான குரல். "உங்க உணர்வு புரியுது மேடம்" என்று மூன்று தடவை சொன்னது.

"வேன் ஓடிக்கிட்டே இருக்கட்டும் தம்பி, விசாரணையும் நடக்கட்டும். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கக் கூடாதா?"

"அந்த ஆப்ஷன் சிஸ்டத்துல இல்ல மேடம்."

வீட்டில் கணவரிடம் சொன்னாள். இன்ஜின் சத்தத்திலேயே முப்பது வருஷம் நின்றவர், காது மந்தம். அலுவலக ரகசியத்தை எதிர்வீட்டுக்கும் சேர்த்தே சொல்லவேண்டியிருந்தது. அவர் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ரெண்டாவது கட்டத்துல போட்டுட்டா?"

"அடுத்த வருஷம் மேலேருந்து ஆள் வந்து மொத்தத் தாளையும் ஒத்துப் பாப்பாங்க. மறைச்சதாத் தெரிஞ்சா நகராட்சிக்கு வர்ற பணமே நிக்கும். பதினாலு இடமும் நிக்கும். குழந்தைங்க காப்பகம் இருக்கு, பொம்பளைங்க தங்குற விடுதி இருக்கு."

அவர் மறுபடியும் பீன்ஸை எடுத்தார். "நீ எழுதலைன்னா வேற யாராவது எழுதத்தான் போறாங்க. நீ எழுதினா, நடந்தத நல்லபடியா விளக்கி எழுதுவே."

அதைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் நாலு பக்கம் விளக்கம் எழுதினாள். ஊசி, நடுங்குகிற கை, பிணவறை வாசல், தான் போட்ட நாற்பத்தொரு வட்டம், ஒன்றையும் விடவில்லை. கணினியில் ஏற்றப் போனால் குறிப்புரைக்கு நூறு எழுத்துத்தான் இடம். அதிலும் அந்தப் பாழாய்ப்போன கணினி கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனி எழுத்தாக எண்ணியது. வெட்டினாள், குறுக்கினாள், பிணவறையை எடுத்தாள், நடுக்கத்தை எடுத்தாள். கடைசியில் மிஞ்சியது: "நோயாளிகளின் உடல்நிலை கருதி முன்கூட்டியே கையொப்பம் பெறப்பட்டுள்ளது. உள்நோக்கம் இல்லை எனத் தெரிகிறது." மூன்றாவது கட்டத்தில் குறி போட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த அறை கழிவறை என்பது அன்றைக்கு வசதியாக இருந்தது.

பணம் நின்றது. பெரிய சிஸ்டர் தன் ஓய்வூதியத்தில் ஐந்து வாரம் வேனை ஓட்டிப் பார்த்தார். டிரைவர் ஒரு மாதம் சம்பளம் கேட்கவில்லை, இரண்டாவது மாதம் அவர் மனைவி கேட்டாள். ஆறாவது வாரம் வெளிச்சப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டினார்கள்: வேன் தற்காலிகமாக ஓடாது. பச்சை மை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மேலிடத்துக்கு நினைவூட்டுக் கடிதம் அனுப்பினாள். எல்லாம் கிணற்றில் போட்ட கல். பெரிய சிஸ்டர் மட்டும் ஒருநாள் போன் செய்து, "நீங்க மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்கம்மா, உங்க வேலைய நீங்க செஞ்சீங்க" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

மூன்றாவது மாதம் ஒரு பெண் இரண்டாம் மாடி ஏறி வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், முகம் உப்பியிருந்தது. படி ஏறிய மூச்சு அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. பள்ளிச் சீருடை தைக்கிறவள், வீடு கல்குவாரிக்குப் பின்னால். ஊசி போட இடது கையில் செய்த ரத்தக்குழாய் அடைத்துப்போனதால் இப்போது வலது கையில் போடுகிறார்கள். தையல்காரிக்கு வலது கை.

"மேடம், நீங்கதான் வேன நிறுத்தினீங்கன்னு சொல்றாங்க. நான் சண்ட போட வரல. எப்ப வரும்னு கேக்கத்தான் வந்தேன்."

"எழுதியிருக்கேம்மா. பதில் வரல."

"ரெண்டு பஸ் மாறிப் போகவேண்டியிருக்கு. போக முடியுது, வர முடியல. வரும்போது ஆட்டோதான். வாரத்துக்கு மூணு தடவை கட்டுப்படி ஆகல, ரெண்டு தடவைதான் போறேன். டாக்டர் திட்டறாரு. தண்ணியக் குறைச்சுப் பாத்துக்கறேன்."

பச்சை மை பணப்பையை எடுத்தாள். பயனாளிக்குக் கண்காணிப்பு அலுவலர் பணம் கொடுப்பது ஆறாம் அத்தியாயத்துக்கே விரோதம். எடுத்துவிட்டாள்.

தையல்காரி அதைப் பார்த்தாள், கையை நீட்டவில்லை. "இன்னிக்குக் குடுப்பீங்க மேடம். வியாழக்கிழமை?"

பணப்பையை மூடிவிட்டுப் பச்சை மை படி முனைவரை வந்தாள். தையல்காரி சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிப் போவதை மேலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். கூடப் போய் இறக்கிவிடலாம் என்ற எண்ணம், அவள் கீழே போய்ச் சேர்ந்த பிறகுதான் வந்தது.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. விசாரித்ததில் உள்நோக்கம் ஏதும் இல்லை, இது நடைமுறைக் குறையே, மானியத்தைத் தொடரலாம். அதாவது இரண்டாவது கட்டம். கூடவே இன்னொரு தாளும் இருந்தது, நகராட்சியின் கண்காணிப்பு முன்மாதிரியானது என்று பாராட்டி. பிரிவுத் தலைவர் அதைத் தானே கொண்டுவந்து கொடுத்தார்.

"லேமினேட் பண்ணித் தரச் சொல்லட்டுமா மேடம்?"

"வேணாம் சார்."

மானியம் தொடர ஒரு நிபந்தனை. இனி இறங்கும் கையெழுத்தை இறங்கும் இடத்திலேயே வாங்க வேண்டும், மாதிரிக் கையெழுத்தோடு ஒத்திருக்க வேண்டும், முதல் வாரம் கண்காணிப்பு அலுவலர் முன்னிலையில் வாங்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பகல் ஒரு மணிக்கு, ஆஸ்பத்திரி வாசலில் பச்சை மை வேனில் ஏறினாள். லிஃப்டுக்காரர் போனபின் பதினெட்டாக இருந்தவர்கள் இப்போது பதினொன்று. நாலு பேர் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். மூன்று பேர் இல்லை. வேன் ஓடியிருந்தால் இருந்திருப்பார்களா என்று பெரிய சிஸ்டரைக் கேட்டாள். "தெரியாதும்மா" என்றார் அவர். "இந்த நோயில யாரும் சொல்ல முடியாது." டிரைவர் கண்ணாடியில் அவளை ஒரு தடவை பார்த்தார், அப்புறம் ரோட்டைப் பார்த்தார். அன்றைய குழுவில் ஆறு பேர். பின் சீட்டில் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

முதல் வீட்டில், தூங்கினவரை எழுப்பிக் கையெழுத்து வாங்குவதற்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. அவர் எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேட்டார்.

இரண்டாவது வீடு தையல்காரியுடையது. கைத்தாங்கல் அவளைத் தாங்கி இறக்கி, வாசற்படியில் உட்காரவைத்தாள். வலது முழங்கைக்கு மேலும் கீழும் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. உள்ளே தையல் மெஷின் மேல் பாதி தைத்த நீல நிறச் சட்டை. கைத்தாங்கல் தாளை நீட்டினாள், பச்சை மை பேனாவை நீட்டினாள். தையல்காரி வாங்கி, கட்டத்தின் மேல் முனையை வைத்தாள். கை நடுங்கியது. முதல் எழுத்து கட்டத்துக்குள் விழுந்தது, மற்றவை கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டன. தாளைச் சற்று நேரம் பார்த்தாள்.

"மேடம், இது முன்னாடி போட்டது மாதிரி இல்லையே."

"பரவால்லம்மா. உள்ள போய்ப் படுங்க."

"ஒத்துப் போகலன்னா மறுபடியும் நிறுத்திடுவாங்கல்ல?"

பச்சை மை வாயைத் திறந்தாள். நிறுத்த மாட்டார்கள் என்று சொல்ல வேண்டும். பதினோரு வருஷமாக, ஒத்துப்போகாத கையெழுத்துகளை வட்டம் போட்டு அனுப்பியவள் அவள். மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தாள் குடுங்கக்கா" என்றாள் தையல்காரி, கைத்தாங்கலைப் பார்த்து. "வேன் நின்னுடக் கூடாது."

கைத்தாங்கல் புதுத் தாளைக் கொடுத்தாள், பச்சை மையின் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. தையல்காரி இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பஞ்சின் ஓரத்தில் சிவப்பு கசிந்து கொஞ்சம் பெரிதானது. ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவதுபோல் எழுதினாள். படியில் வைத்த தாள் காற்றில் தூக்கியது. பச்சை மை முழங்கால் வலியோடு மண்டிபோட்டு உட்கார்ந்து, அவள் எழுதி முடிக்கும் வரை தாளை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

கையெழுத்து ஒத்துப்போயிற்று. வேனில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள்.